நம் சமுதாயக் கல்வி வரலாற்றில் வழிகாட்டிகளின் பங்கு

நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றை ஊன்றிப் படிப்போர் ஓர் அரிய செய்தியைக் காண்பர். நம் முன்னோடிகளுள் மூவர், ஆசான் வழியாக வந்த பெயரையே உலகறியத் தாங்கி நின்றவர்கள். 1845 இல் பிறந்த காத்தவராயன் என்னும் சிறுவர், தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர்பால் கொண்ட பேரன்பினால் தம் பெயரையே அயோத்திதாசர் என மாற்றிக்கொண்டார். மராட்டிய நாட்டுச் சதாராவில் படித்த பீமராவ் என்னும் சிறுவரின் குடும்பப் பெயர் அம்பவடேகர் என்பது. அவரிடம் பரிவு கொண்ட ஓர் அந்தண ஆசிரியர், பள்ளிப் பதிவேட்டில் தம் பெயராகிய அம்பேத்கர் என்பதனையே எழுதினார் என்பர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890 இல் பிறந்த முனுசாமி, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளின் மாணாக்கராகிச் சகஜானந்தர் ஆனார்.

பெற்றோர் இட்ட பெயரை விடுத்து ஆசானின் பெயரையோ, ஆசான் தந்த பெயரையோ ஒருவர் ஏற்பதாயின், அந்த ஆசான் அவருக்கு எழுத்தையும் எண்ணையும் மட்டுமா கற்பித்திருப்பார்? பாடம் சொல்லிக் கொடுப்பவர் பலர். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தம் பொறுப்பெனக் கொள்பவர் சிலரே. அச்சிலரைப் பற்றியதே இக்கட்டுரை. நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அடுத்து நாம் செய்யத்தக்கது யாது என்று ஆராயுங்கால், இவ்வரலாறு நமக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

இத்தகையோரை ஆங்கிலத்தில் 'மென்டார்' என்பர். இன்று கல்வித் துறையின் சுற்றறிக்கைகளிலும் இச்சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. கிரேக்க மகாகவி ஓமரின் ஒடிசி என்னும் காவியத்தில், போருக்குச் சென்ற மன்னன் தன் மகனைக் கவனித்துக்கொள்ளுமாறு விட்டுச் சென்ற முதியவரின் பெயர் மென்டார் என்பதாம். ஆயின் அக்காவியத்தில் மைந்தனுக்கு நல்வழி காட்டுவது பெரும்பாலும் அம்முதியவர் அல்லர். அவருடைய உருவத்தில் வந்த அதீனா என்னும் தேவதையே! உலகமே அம்முதியவரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவரோ அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெயர்ப் பலகை ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்கும் ஆவது இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று போலும்.

அது நிற்க. நம் மக்களுக்குப் பள்ளிகள் தோன்றிய கதையைச் சுருக்கமாகக் காண்போம். பொதுப் பள்ளிகளின் வாயில்கள் நமக்கு அடைபட்டிருந்த 19 ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷன்கள் பள்ளிகளைத் திறந்தன. 1894 இல் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றின் அருகே பஞ்சமர் இலவசப் பள்ளி ஒன்றை நிறுவினார். அது தழைத்து ஐந்து பள்ளிகளாயிற்று. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையார், அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எளிதிற் கிட்டாத கிண்டர்கார்டன் முறையை நம் பிள்ளைகளுக்குக் கையாண்டார். இதனை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு ஓர் எல்லையைக் குறித்திருந்தார். எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் சிறிது கைத்தொழிலும் தெரிந்தால் போதும், பிழைப்பு நடக்கும், கல்லூரிப் படிப்பு இவர்களுக்கு நோக்கமன்று என்பது அவர் கருத்து. அன்பினால் கொடுத்தார், ஆயினும் இவ்வளவே என அளந்து கொடுத்தார். 1920 அளவில் சென்னை அரசாங்கம் லேபர் கமிஷனரின் பொறுப்பில் நம் மக்களுக்கெனப் பள்ளிகள் பலவற்றைத் திறந்தது. நம் பாட்டன்மார் 'லேபர் ஸ்கூல்' என்று வழங்கியவை இவையே. 1949 இல் அத்துறைப் பணி அரிஜன நலத்துறை என்றாகி, இன்று ஆதிதிராவிடர் நலத்துறையாக விளங்குகிறது. பள்ளியும் வந்தது, விடுதியும் உதவித்தொகையும் வந்தன. இவை யாவும் போராடிப் பெற்றவை. ஆயினும் ஆணை பிறப்பித்துக் கட்டடத்தை எழுப்பலாம். ஒரு பிள்ளையின்பால் ஒருவருக்கு அக்கறை உண்டாகும்படி ஆணை பிறப்பிக்க முடியாது.

அவ்வக்கறை எத்தகையது என்பதை அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவம் காட்டுகிறது. சதாராப் பள்ளியில் தம் பெயரை ஈந்த அவ்வாசிரியர், நண்பகலில் தாம் கொண்டு வந்த உணவிலும் ஒரு பங்கை நாள்தோறும் அச்சிறுவருக்கு அளித்தார் என்பர். கைபடாமல் எட்ட இருந்தே கையில் இட்டார் என்றும் கூறுவர். அன்றைய வழக்கத்தை அவரால் முற்றிலும் மீற இயலவில்லை. எனினும் உணவைக் கொடுத்தார்.

பின்னர் பம்பாயில் வாய்த்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்பவர். அவர் வில்சன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். இளைஞர் பீமராவோ எல்பின்ஸ்டன் பள்ளி மாணவர். அதாவது, இவர் அவருடைய மாணவரே அல்லர்! மாலை வேளையில் சர்னி ரோடு பூங்காவில் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைக் கண்டு, கேளுஸ்கர் தாமாகவே சென்று பேசினார். படிப்பதற்கு நூல்களைத் தந்தார். அம்பேத்கர் பள்ளித் தேர்வில் தேறியதைப் பாராட்டச் சமுதாய மக்கள் கூட்டிய கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். 1956 இல் நாகபுரியில் நிகழ்ந்த மாபெரும் திருப்பத்திற்கு விதை அப்புத்தகமே எனலாம். 1907 இல் மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரியில் சேர்ந்த அம்பேத்கர், இன்டர்மீடியட் முடித்ததும் தந்தையாரின் வறுமையால் படிப்பைத் தொடர இயலாது நின்றார். கேளுஸ்கர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912 இல் பி.ஏ. பட்டமும், 1913 இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகமும் அதன் பின்னரே வந்தன. 1917 இல் பரோடாவில் பதவியேற்கச் சென்று, தங்க இடமும் தகுந்த மதிப்பும் மறுக்கப்பட்டு அண்ணல் திரும்பிய துன்ப நாட்களிலும் கேளுஸ்கர் அவருக்காக முயன்றார்.

இளைஞர்கள் இங்கே ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பூங்காவில் பேசியது முதல் பரோடா நிகழ்ச்சி வரை பத்தாண்டுக்கு மேலாகிறது. கேளுஸ்கர் கைப்பொருளாகத் தந்தவை சில நூல்கள். பெரும்பணம் அவரிடம் இல்லை. எங்கே பணம் உண்டு, யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். உடன் சென்று கேட்கவும் கூச்சப்படவில்லை. நம் பிள்ளைகள் பலருக்கு இன்று தேவைப்படுவதும் இதுவே. உதவித்தொகைக்கு அரசாணை இருக்கிறது. எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் எங்கே பெற வேண்டும், கலந்தாய்வில் எந்தப் பாடப்பிரிவை முதலில் குறிக்க வேண்டும் என்பவற்றை வீட்டில் சொல்வார் இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் அறிவில் குறைந்தவர் அல்லர். அந்தப் பாதையில் அவர்கள் நடந்ததில்லை, அவ்வளவே.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். விருத்தாசலத்திலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் ஓமகுளத்திற்குச் சென்றால் போதும். சுவாமி சகஜானந்தரின் தந்தையார் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்றவர். மைந்தர் திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். படிப்பு இடையில் நின்றது. உள்ளம் துறவில் நாடிற்று. குருவைத் தேடி அலைந்து, கரபாத்திர சுவாமிகளை அடைந்து, தமிழும் வடமொழியும் வேதாந்தமும் கற்றார். 1910 இல் சிதம்பரம் வந்தார். அப்போது அவருக்கு வயது 20.

இருபது வயதுத் துறவி, கற்ற வேதாந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மடத்தின் திண்ணையில் அமர்ந்து காலம் கழித்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார். அவரோ 1916 இல் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் 25 பேர். நந்தனார் எந்த ஊரில் கோயிலுக்கு வெளியே நின்றார் என்று நாடெங்கும் பாடப்பட்டதோ, அந்த ஊரிலேயே அவர் பெயரில் ஒரு கல்விக்கூடம்! பள்ளியோடு பிள்ளைகள் உண்டு உறையும் இடமும் அமைந்தது. 1927 இல் காந்தியடிகள் சிதம்பரம் வந்தபோது அங்கும் சென்றார். காலப்போக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்குமாக வளர்ந்து, அரசின் மேல்நிலைப் பள்ளிகளாக நந்தனார் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

இதில் நான் வற்புறுத்த விரும்புவது கட்டடத்தை அன்று, ஆண்டுக் கணக்கை. 1916 முதல் 1959 மே முதல் நாள் மறையும் வரை, 43 ஆண்டுகள் அவர் அப்பணியை விட்டு அகலவில்லை. 1926 முதல் சட்டமன்றப் பணியும் வந்தது. விடுதலைக்குப் பின் 1952 இலும் 1957 இலும் சிதம்பரம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். மறையும்போதும் சட்டமன்ற உறுப்பினரே. பதவி கிடைத்ததும் பிள்ளைகளைப் பிறர் கையில் விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர் அல்லர். ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை, படித்து முடித்து, வேலையில் அமர்ந்து, தன் பிள்ளையை அதே பள்ளிக்கு அழைத்து வந்திருந்தாலும், அங்கே அதே சுவாமியைக் கண்டிருக்கும். ஆல்காட்டைப் போல் இவர் எல்லை ஏதும் குறிக்கவில்லை. தென்னார்க்காட்டுச் சேரிப் பிள்ளைக்கும் உயர்நிலைக் கல்வி ஆகும், கல்லூரியும் ஆகும் என்றார். அதற்குச் சான்றாகத் தமிழும் வடமொழியும் கற்றுத் தேர்ந்த தம்மையே அப்பிள்ளைகளின் கண்முன் நிறுத்தினார்.

நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் தோன்றிய பெரியவர் எல். இளையபெருமாள் அவர்களின் பள்ளி நாட்களையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அவர் படித்த பள்ளியில் நம் மாணவர்க்கெனக் குடிநீர்ப் பானை தனியே வைக்கப்பட்டிருந்தது. அப்பானையை அவர் உடைத்தார். புதுப்பானை வந்தது, அதுவும் உடைந்தது. விசாரணையில் அவர் அஞ்சாமல் ஒப்புக்கொள்ள, தலைமையாசிரியர் தனிப்பானை வழக்கத்தையே நீக்கிவிட்டார் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் உரைப்பர். சிறுவனின் துணிவைப் பலரும் பாராட்டிப் பேசுகிறார்கள்; பாராட்டத் தக்கதே. ஆனால் ஒரு தலைமையாசிரியன் என்ற முறையில் நான் அந்த மற்றொருவரையே நெடுநேரம் எண்ணிப் பார்க்கிறேன். பிரம்பை எடுப்பதும் பெயரை நீக்குவதும் அவருக்கு எளிது; ஊராரும் அதனையே விரும்பியிருப்பர். அன்று அவர் அவ்வழியே சென்றிருந்தால், 1952 இல் நாடாளுமன்றம் சென்று, 1965 இல் அமைக்கப்பட்ட தீண்டாமை பற்றிய குழுவின் தலைவராக 1969 இல் இந்திய நாடே படித்த அறிக்கையைத் தந்த ஒருவரை நாம் பெற்றிருப்போமா?

பெரியோர் சிலரின் கதையைக் கொண்டு பொதுவிதி வகுக்கலாமா என இளைஞர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆதலின் ஆராய்ச்சி கூறுவதையும் காண்போம். அமெரிக்காவில் 1904 முதல் நடந்துவரும் 'மூத்த சகோதரர்' இயக்கத்தில், ஒரு பெரியவர் ஒரு சிறுவருக்குத் துணையாக அமர்த்தப்படுவார். எட்டு நகரங்களில், 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, 18 மாதம் கழித்துச் சோதித்த முடிவு 1995 இல் வெளிவந்தது. துணை கிடைத்தவர்கள் போதைப் பொருளைத் தொடும் வாய்ப்பு 46 விழுக்காடு குறைந்தது. பள்ளிக்கு மட்டம் போடும் நாட்கள் பாதியாயின. இது நல்ல செய்தி.

ஆயின் இதே தரவை மீண்டும் ஆராய்ந்தவர்கள் 2002 இல் கூறியது இதனினும் முக்கியமானது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த துணையே மிகுந்த பயன் தந்தது. மூன்று மாதத்திற்குள் கைவிடப்பட்ட பிள்ளைகள், துணையே கிடைக்காத பிள்ளைகளைவிடத் தம்மைத் தாமே தாழ்வாக எண்ணத் தலைப்பட்டனர்! 2007 இல் 1,139 மாணவரைக் கொண்டு பள்ளிகளுக்குள்ளேயே செய்த சோதனையில், முதலாண்டில் படிப்பு முன்னேறிற்று. மறு ஆண்டு துணை விலகியதும் அந்த முன்னேற்றம் மறைந்தது. 2009 இல் அந்நாட்டு அரசு, தான் பணம் அளித்து நடத்திய பள்ளித் துணைத் திட்டங்களை ஆராய்ந்தபோது, பொதுவாகக் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் இல்லை என்றே கண்டது. இம்முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டனவாகத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. திட்டம் என்ற பெயர் இருந்தால் போதாது. துணை எத்துணைக் காலம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்ததே பயன். ஓமகுளத்தில் 43 ஆண்டு நடந்ததற்கும் இதற்கும் பொருத்தம் இருப்பதை வாசகர் காணலாம்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் இருபது பிள்ளைகள் அளவில் கூட்டிப் பாடம் சொல்லித் தந்தனர். ஏறத்தாழ 19,000 கிராமப்புறப் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கூறிற்று. கற்பித்தவர்கள் பெரும் பட்டதாரிகள் அல்லர். அடுத்த தெரு அக்காவும் எதிர்வீட்டு அண்ணியுமே. வராத பிள்ளையை வீட்டுக்கே சென்று அழைத்துவர அவர்களால் முடிந்தது.

நம் ஊர்த் தொழிலைக் கொண்டே இதனை விளக்கலாம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வார்ப்போரை நம்மில் பலர் அறிவர். பலர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியின் மேலிருந்து எடுத்த களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிகிறது. எப்போது அச்சைப் பிரிக்க வேண்டும்? முந்தினால் பொம்மை சரியும், பிந்தினால் வெடிக்கும். வெயில் நாளில் ஒரு கணக்கு, மழை நாளில் ஒரு கணக்கு. இதனை எழுதி ஒட்டிவைக்க முடியாது. கைதேர்ந்தவரின் பக்கத்தில் பல மாதம் நின்று, அவர் விரலால் தொட்டுப் பார்ப்பதைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஒரு நாள் வந்து விளக்கிவிட்டுப் போகிறவரால் ஒரு தொழிலாளியும் உருவாவதில்லை.

என் பணிக்காலத்தில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. ஒன்பதாம் வகுப்பில் திங்கட்கிழமைகளில் வராமற்போவான். பின் வாரம் இரு நாள். பிறகு சூளையிலோ செங்கல் அறுக்கும் இடத்திலோ கூலி வாங்கத் தொடங்கிவிடுவான். முதல் திங்கட்கிழமை யாரேனும் ஒருவர் வீட்டு வாசலில் நின்று "ஏன்டா தம்பி வரவில்லை?" என்று கேட்டிருந்தால், பெரும்பாலும் மறுநாள் வந்திருப்பான். பெண் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் வராத நாளில் வீட்டில் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அங்கே சென்று தாயாரோடு உட்கார்ந்து பேச, படித்த பெண் ஒருத்தி வேண்டும். ஆசிரியருக்கு நாற்பது, ஐம்பது பிள்ளைகள். பதிவேடுகளோ அதற்கு மேல். அவர் ஒருவரால் இது ஆகாது.

நம் சங்கம் இதுகாறும் ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் வழங்கியது, முதல் மதிப்பெண் பெற்றோருக்குப் பரிசு தந்தது, விழா எடுத்தது. இவற்றைக் குறைகூற வரவில்லை. பரிசு மேடை ஏறியவர்கள் எப்படியேனும் படித்திருப்பார்கள். மேடைக்குக் கீழே, கடைசி வரிசையில், 35 மதிப்பெண்ணுக்கும் 30 க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்கும் பிள்ளையே நம் கவலைக்கு உரியவன். படித்துப் பணியில் அமர்ந்த நம் உறுப்பினர்கள், ரயில்வேயிலும் நெய்வேலியிலும் பள்ளிகளிலும் இருப்பவர்கள், விழாவுக்கு நன்கொடை தரத் தயங்குவதில்லை. நன்கொடைக்குப் பதிலாக மாதம் இரண்டு மாலைப் பொழுதைத் தருவார்களா என்பதே இவ்வெள்ளிவிழா ஆண்டில் அவர்கள் முன் நான் வைக்கும் வேண்டுகோள்.

முறை எளியதாக இருக்கட்டும். எட்டாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்க உறுப்பினர் ஒருவர். பெண் பிள்ளைக்குப் பெண் உறுப்பினர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலோ, பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்திலோ, வேறெங்கோ சேரும் வரை, அதாவது குறைந்தது நான்காண்டு, அவரே துணை. இடையில் மாற்றம் கூடாது. மாற்றலாகி வெளியூர் செல்லக்கூடியவர், நான்காண்டு நிற்க இயலாதவர், தயவுகூர்ந்து பெயர் கொடுக்க வேண்டா. அதனால் விளையும் தீங்கை மேலே கண்டோம். எந்தப் பிள்ளைக்கும் "உனக்கு இது போதும்" என்று எல்லை குறிக்கக் கூடாது. ஐம்பது பேர் முன்வர வேண்டியதில்லை. பத்துப் பேர் வந்து, பத்துப் பேரும் நான்காண்டு நின்றால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காகச் சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டுள்ளது. வரும் கல்வியாண்டு ஜூன் மாதத்திற்கு முன் கையெழுத்திட வேண்டும். முதல் வரியில் என் பெயரை எழுதியுள்ளேன்.